வேர்மானியும் கடுக்காய்ப் பொடியும்

மனிதனுக்கு வேர் உண்டு என்பது விஞ்ஞானப்படி நிரூபிக்கப்பட்ட நாளை, நெருப்பு கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு மனிதனும் ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கு உரியவன். அந்த மண்ணைப் பிரிந்தவன் பாதி மனிதன். அது எந்த மண் என்று துல்லியமாகச் சொல்ல இனி ஒரு கருவி உண்டு. மூன்று மந்திரிகள் முன்னிலையில் தழுதழுத்த குரலில் இதை அறிவித்துவிட்டு டாக்டர் மாசிலாமணி வீடு திரும்பியபோது, வீட்டுக்காரர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். மகன் துபாயிலிருந்து திரும்பி வருகிறான், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் நல்லது என்றார்.

கருவியின் பெயர் வேர்மானி. அது பிறந்த சமயமும் சரியாக அமைந்துவிட்டது. சென்னைக்குள் கடல் வந்துகொண்டிருந்தது. குடிநீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேரை எங்காவது அனுப்பியாக வேண்டும். எங்கே அனுப்புவது என்று தவித்த அரசுக்கு வேர்மானி வரமாகக் கிடைத்தது. 'வேர் திரும்பும் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். யாரையும் விரட்டவில்லை, அவரவர் வேருக்கு வழியனுப்பி வைக்கிறோம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.

நடைமுறை எளிமையானது. தலையில் நீல விளக்குகள் மினுக்கும் ஒரு கவசம், இடுப்பில் அகலமாக ஒரு பட்டை. இருட்டறையில் உட்கார வைத்து ஊர் ஊராக வாசனையும் ஓசையும் காட்டுவார்கள். உங்கள் ஊர் வந்ததும் மணி அடிக்கும். அந்த ஊரில் உங்களுக்கு வீடு. மணி அடிக்காதவர் 'வேரிலி'. வேரிலிகளுக்குப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் அரசாங்கமே ஒரு ஊரைச் செய்து வைத்திருந்தது. பொதுவேரூர் என்று அதற்குப் பெயர்.

வேர் தனிநபருக்கு உரியது. குடும்பத்துக்கு வேர் கிடையாது. கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று ஆனால் ஆனதுதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வேருள்ள பக்கம் போகும். ஏழு தலைமுறைப் பூர்வீக வீடு இருப்பவர்களுக்கு மட்டும் சோதனையே கிடையாது. சட்டத்தை எழுதியவர்கள் அனைவருக்கும் ஏழு தலைமுறை வீடு இருந்தது தற்செயல்.

வேளச்சேரியில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இதைப் படித்துவிட்டு அமுதவல்லி அடுப்பை அணைத்தாள்.

"நீங்களும் குயிலியும் உங்க ஊர். நான் பெரம்பலூர்" என்றாள்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? அதுக்குள்ள பெரம்பலூர் போயிட்டா!" என்றான் நெல்லைநாயகம். "உனக்கு ஒரு ஊரு கூடவா இல்லாம இருக்கும்? மாட்டுக்கே ஒரு தொழுவம் இருக்கு."

மாட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம். வல்லியின் அப்பா அரசு கால்நடை மருத்துவர். மன்னார்குடி, ஓசூர், சங்கரன்கோவில், பரமக்குடி, கோபி, செய்யாறு, மறுபடி ஓசூர் என்று பத்து இடங்களுக்கு அவரைத் தமிழ்நாடு முழுக்க உருட்டினார்கள். நேர்மையானவரை ஓரிடத்தில் இருக்க விடமாட்டார்கள் என்று அம்மா எல்லா ஊர்களிலும் சொல்லி வைத்தாள். உண்மையில், அப்பா லஞ்சம் வாங்காததில் யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, மாட்டின் சொந்தக்காரரை நிறுத்தி வைத்து மாட்டு வயிற்றின் நான்கு அறைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். மாடு பொறுத்துக்கொள்ளும். சொந்தக்காரர்கள் மனு எழுதிப் போட்டார்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் முதல் நாள் அவளை எழுப்பி நிறுத்தி, "எந்த ஊரும்மா நீ?" என்பார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊரைச் சொல்வாள். கோபியில் அவளுடைய பரமக்குடித் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். செய்யாறில் கோபித் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு ஊரின் பேச்சு நாக்கில் படியும்போது வாசலில் லாரி வந்து நிற்கும். கடைசியில் அவள் பேசும் தமிழ் ரயில் நிலைய ஒலிபெருக்கியின் தமிழைப் போல எல்லோருக்கும் புரிவதாகவும் யாருக்கும் சொந்தமில்லாததாகவும் ஆகிப்போயிற்று.

அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது மூட்டை கட்டுவதைத்தான். கண்ணாடி டம்ளர்களைப் பழைய பாவாடைக்குள் எப்படிச் சுருட்ட வேண்டும், கிரைண்டர் கல்லை எந்தச் சாக்கில் எந்தப் பக்கமாக இறக்க வேண்டும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே அத்துபடி. புது வீட்டில் இறங்கியதும் அம்மா முதலில் பால் காய்ச்சுவாள். ராத்திரிக்குக் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலக்கி வல்லியிடம் நீட்டுவாள். ஏனென்றால் புது ஊரில் வல்லிக்கு வயிறு கட்டிக்கொள்ளும். "ஊர் பழகிட்டா எல்லாம் சரியாயிடும்டி" என்பாள் அம்மா. சரியாகும்போது அப்பா யாரோ ஒருவருடைய எருமையின் மூன்றாவது வயிற்றைப் பற்றிப் பேசி முடித்திருப்பார்.

நெல்லைநாயகத்தை அவள் கல்யாணம் செய்துகொண்டதற்கு அவன் ஊரும் ஒரு காரணம். தாமிரபரணிக் கரையில் தென்கரைப்பேரி. ஏழு தலைமுறை வீடு. எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் அதைக் கொண்டுபோய்த் தென்கரைப்பேரியில் கட்டிவிடுவான். சென்னை இட்லியைப் பார்த்தால் ஊர் இட்லி. சென்னை மழையைப் பார்த்தால் ஊர் மழை. ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே, எங்க ஊர்த் தண்ணி குடிச்சவனுக்குப் பல்லே சொத்தையாகாது என்று சொல்ல முயன்றான். பதின்மூன்று வயதில் அவனைத் திருச்சி ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அதன் பிறகு பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும்தான் ஊர். போனால் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் விடியும்போது சென்னையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

"நான் சொல்லித்தாரேன், கேளு" என்றான். "உனக்கு எங்க ஊர்லயே மணி அடிக்க வச்சிரலாம். தாமிரபரணின்னு சொன்னதும் இங்கன என்னமோ செய்யணும். செய்யுதா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

வல்லி கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கொட்டாவிதாம்ப்பா வருது" என்றாள் ஒன்பது வயதுக் குயிலி.

தெருமுனையில் 'வேர் பயிற்சி மையம்' என்று ஒன்று முளைத்திருந்தது. ஏக்கப் பெருமூச்சுக்குத் தனி வகுப்பு. வல்லி அதிலும் போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் நாலே வகுப்பில் திருவையாற்றுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். அவர் திருவையாற்றைப் பார்த்ததே இல்லையாம்.

சோதனை நாளன்று வட்ட அலுவலகத்தில் டாக்டர் மாசிலாமணியே உட்கார்ந்திருந்தார். வல்லியின் தலையில் கவசத்தை மாட்டி, இடுப்பில் பட்டையைக் கட்டி இருட்டறைக்குள் அனுப்பினார்கள். மன்னார்குடி வந்தது, போனது. பரமக்குடியின் மிளகாய் நெடிக்குத் தும்மினாள். ஓசூர் வந்தபோது மணி லேசாகக் கனைத்தது. உள்ளே குடியிருந்த இரண்டு ஓசூர்களும் ஒன்றையொன்று பார்த்து விலகிக்கொண்டன போலும், அடங்கிவிட்டது. தென்கரைப்பேரி வந்தபோது ஆற்றுச் சத்தமும் தாழம்பூ வாசமும் வந்தன. நாயகம் சொல்லித் தந்தபடி பெருமூச்சு விட்டாள். கருவி அதைச் சட்டை செய்யவில்லை.

"வேரிலி" என்றார் மாசிலாமணி. ஏதோ ரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னார்.

"சார், தலையில இருக்கிறதக் கொஞ்சம் சரியா மாட்டி இன்னொரு தடவ பாருங்களேன்."

"அதுல ஒண்ணும் இல்லம்மா. சும்மா லைட்டு."

"என்னது?"

மாசிலாமணி கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மந்திரி திறந்து வைக்கிற கருவி; தலையில ஏதாவது மினுக்கணும்னாங்க. அளக்கிறது எல்லாம் இடுப்புல இருக்கிற பட்டைதான்."

"இடுப்புல என்ன சார் இருக்கு?"

"குடல் இருக்கு." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூளையக் கேட்டுப் பாத்தேம்மா, ரொம்ப வருசம். உன் ஊர் எதுன்னு கேட்டா அது பாட்டுப் பாடுது, கவிதை சொல்லுது, பொய் சொல்லுது. குடலுக்குப் பொய் சொல்லத் தெரியல. புது எடத்துக்குப் போனா சில பேருக்கு நாலு நாளைக்கு வராது, பாத்திருக்கீங்களா?"

வல்லி குனிந்து இடுப்புப் பட்டையைப் பார்த்தாள்.

"பயம் இருக்கிற எடத்துல அது இறுக்கிப் பிடிச்சுக்கும். இது நம்ம எடந்தான்னு தெரிஞ்சாத்தான் விடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு."

"இதையா மேடையில சொல்லி அழுதீங்க?"

"மேடையில 'ஆழ்நிலை வேரிணைவுத் தளர்வு'ன்னு சொன்னேன். மந்திரியும் அழுதாரு."

வல்லிக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே அடங்கியது. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார். ஒம்பது வயசு" என்றாள்.

மாசிலாமணி பட்டையை அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு, "உறைவுச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். "உங்க வீட்டுக்காரர் ஊர்ல ஒரு வாரம் தங்கணும். பட்டையோட. அங்க உங்க உடம்பு தளர்ந்து குடுத்துட்டா அந்த ஊரே உங்க வேர்னு எழுதிடலாம். ஆனா ஒப்பிட்டுப் பாக்க வேருள்ள ஆள் ஒருத்தர் கூட இருக்கணும். அவரும் கட்டிக்கணும்."

நெல்லைநாயகம் இதைக் கேட்டதும் இரண்டு அங்குலம் வளர்ந்தான். "அப்படின்னா நாந்தான் படிக்கல்லு. என்னைய வச்சுத்தான் எடை போடப் போறாவ."

தென்கரைப்பேரி வீட்டில் நாயகத்தின் அண்ணன் பிச்சுமணியும் அவர் மனைவி கோமுவும் இருந்தார்கள். மாசிலாமணிக்கு முன்கட்டில் ஓர் அறை. பட்டைகளில் பதிவாவதெல்லாம் அவருடைய கையடக்கக் கருவியில் தெரியும். உடல் தளர்ந்தால் பச்சை விளக்கு எரியும். மருந்து, மாத்திரை, கஷாயம் எதுவும் கூடாது. எடுத்தால் சோதனை செல்லாது என்று சொல்லி, வல்லியின் பையிலிருந்து கடுக்காய்ப் பொட்டலத்தை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

சோதனையின் உள்விவரம் அரசாங்க ரகசியம். கோமுவிடம் மட்டும் நாயகம் சொன்னான். மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"என்னம்மா வல்லி, ஆச்சா?" என்று காலையில் கோமு கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"ஆகும், ஆகும். பதறாத. வெந்நி ரெண்டு செம்பு குடி" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. எதற்காக என்று குருக்கள் கேட்டபோது, "நல்லபடியா இறங்கணும்" என்று சொன்னார்களாம். பால்காரர் அவள் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொண்டு 'ச்சு' கொட்டிவிட்டுப் போனார். ஒரு தெருவே கதவுக்கு வெளியே காத்திருக்கும்போது எந்தக் குடல்தான் தளரும்? வல்லி உள்ளே போய்ச் சற்று நேரம் சுவர்ப் பல்லியைப் பார்த்துவிட்டு வெளியே வருவாள். வந்ததும் தெரு அவளைப் பார்க்கும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது.

ஆனால் மாசிலாமணியின் கவலை வேறாக இருந்தது.

"சார், உங்களுதுலயும் பச்ச எரியலையே" என்றார் நாயகத்திடம்.

"அது பட்டை லூசா இருக்கு சார்."

"இறுக்கித்தான் கட்டியிருக்கேன்."

"அப்ப ரொம்ப டைட்டு."

நாயகம் என்னென்னவோ செய்து பார்த்தான். ஆற்றில் முங்கினான். வாய்க்கால் கரையில் விடியற்காலை நடந்தான். சொதியும் இஞ்சிப் பச்சடியும் கூட்டாஞ்சோறும் சாப்பிட்டான். ஊர்த் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தான். ஒவ்வொரு முறையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், டெபாசிட் இழந்த வேட்பாளர் போல வெளியே வந்தான்.

"படிக்கல்லே அசையலைன்னா நான் எதை வெச்சு எடை போடுறது?" என்றார் மாசிலாமணி.

அடுத்த நாள் விடியற்காலை அவர் முன்கட்டிலிருந்து கூவினார். பச்சை எரிந்துவிட்டது. சாதாரணப் பச்சை இல்லை. கருவி இதுவரை காணாத பச்சை. அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் அதே பச்சை. தெரு பூரித்தது. "ஏழு தலைமுறை உடம்புல்லா! பின்ன?" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாயகத்துக்குத் துண்டு போர்த்தினார். எதற்காக என்று மட்டும் மைக்கில் சொல்லவில்லை.

வல்லிக்கு ஒன்று உறுத்தியது. துண்டு போர்த்தியபோது நாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. முகம் உப்பிப்போய், புகைப்படத்தில் இருக்கும் அவனுடைய கொள்ளுத்தாத்தா போல ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் கொல்லைப்புறம் துணி காயப் போடப் போனாள். பிச்சுமணி அத்தான் கிணற்றடியில் குளிக்க நின்றார். இடுப்பில் துண்டு, துண்டுக்கு மேலே அகலமாக அந்தப் பட்டை.

அவர் சட்டென்று வாளியை எடுத்து முன்னால் மறைத்துக்கொண்டார். "குடும்ப மானம்மா" என்றார் பரிதாபமாக. "தம்பி அழுதுட்டான். எனக்கு மணி அடிச்சாப்புல போவும்னு அவனுக்குத் தெரியும். நானும் பெரிசா என்னத்தச் சாதிச்சிருக்கேன், இது ஒண்ணுதான…"

வல்லி துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நாயகம் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"உங்களுக்கு இங்க வராதா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"எப்பவுமேயா?"

"ரெண்டு நாளு வரைக்கும் தாங்கும்" என்றான் சுவரிடம்.

அந்த மூன்றாம் நாள் அவசர வேலைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவள் மனதில் வந்து வரிசையில் நின்றன. கல்யாணமான புதிதில் அவள் இன்னும் ஒரு நாள் இருப்போமே என்று கெஞ்சியது. ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்காமல் வேளச்சேரி வீட்டின் கழிப்பறைக்கு அவன் ஓடிய ஓட்டம். ரயிலில் எதையோ தின்றுவிட்டான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"ஹாஸ்டல்ல விட்டாவல்லா," என்றான் அவன். "லீவுக்கு வந்தா விருந்தாளி மாதிரி எல தண்ணி தெளிச்சுப் போடுவாவ. எந்தப் பாய்ல படுக்கணும்னு நான் கேட்டுத்தான் படுத்தேன். அன்னையிலேர்ந்தே இப்படித்தான் கெடக்கு. வெளிய சொல்ல முடியுமா? ஊரு ஊருன்னு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

"அந்தப் பச்சைய வெச்சு என்னை எடை போட்டா நான் பெரம்பலூர் போகணும். குயிலி இங்க இருப்பா. தெரியுமில்ல?"

"மேல ஒரு மனு போடலாம். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு…"

"பத்துத் தடவ மூட்ட கட்டுனவ நான். மனுவால நின்ன லாரி ஒண்ணுகூட இல்ல. எங்க அப்பா விசயத்துல மனுவாலதான் லாரியே வந்துச்சு" என்றாள் வல்லி.

வாரம் முடிந்தது. முன்கட்டில் தெரு கூடியிருக்க, மாசிலாமணி கருவியைப் பார்த்துப் படித்தார். ஒப்பீட்டு ஆள்: மிகச் சிறப்பு. மனுதாரர்: தளர்வு இல்லை. அமுதவல்லி வேரிலி. மகள் தந்தையுடன் இருப்பாள். அரசு ஜீப் வாசலில் நின்றது.

வல்லி எழுந்து உள்ளே போனாள். நாயகம் பின்னால் வந்து நிலைப்படியில் நின்றான்.

அவள் மூட்டை கட்டுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீடு மாறவே இல்லை. அவள் கைகள் யோசிக்கவில்லை. சேலைகள் நாலாக மடிந்து தாமாகப் போய்ப் படுத்தன. செருப்பு காகிதத்துக்குள் போயிற்று. சீப்பு, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் துண்டுக்குள் சுருண்டன. கோமு கொண்டுவந்து வைத்த காபியில் ஏடு படிவதற்குள் பெட்டி மூடிவிட்டது. யாரையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அழவும் இல்லை. பஸ் பிடிக்கப் போகிறவளின் முகம்.

பிறகு குயிலியின் துணிகளைத் தன் பெட்டியிலிருந்து பிரித்து அலமாரியில் அடுக்கினாள். முதலில் மேல்தட்டில் வைத்தாள். குயிலியின் உயரத்தைக் கையால் காற்றில் அளந்து பார்த்தாள். எல்லாவற்றையும் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

நெல்லைநாயகம் வெளியே நடந்தான்.

"சார்" என்றான் முன்கட்டில். "எனக்கு இந்த ஊர்ல வராது."

மாசிலாமணி நிமிர்ந்தார். கூட்டத்தின் பின்வரிசையில் காது கேளாத பெரியவர் ஒருவர், "என்னது வராது?" என்று கத்தினார்.

நாயகம் கண்ணை மூடிக்கொண்டு, தாமிரபரணியின் அக்கரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "வெளிக்கு வராது! இந்த வீட்டுல எனக்கு வெளிக்கு வராது! சின்னதுலேர்ந்தே வராது! அந்தப் பச்சை அண்ணனோடது!"

பிச்சுமணி சட்டையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினார். வெட்கப்பட்டாலும் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர், போர்த்திய துண்டைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

முதலில் வாயைத் திறந்தவள் கோமு. "அதான் மூணா நாளு விடிஞ்சதும் ஓடுதியளா கொழுந்தனாரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாவி மனுசா, என் சமையல்தான் பிடிக்கலன்னு இத்தன வருசமா நான் மருகிக்கிட்டுக் கெடக்கேன்! ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"எப்படி மதினி சொல்லுவேன்?"

"இப்பச் சொன்னியள்லா, தெரு பூராம்!"

மாசிலாமணி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒப்பீட்டு ஆளே வேரிலி; ஏழு தலைமுறை விலக்கும் பொய்க்குப் பிறகு செல்லாது. தாய் வேரிலி, தந்தை வேரிலி என்றால் பிள்ளையும் வேரிலி. "மூணு பேருமே பொதுவேரூர்" என்றார். சொல்லிவிட்டுக் கடுக்காய்ப் பொட்டலத்தை வல்லியிடம் திருப்பிக் கொடுத்தார்.

வல்லி பெட்டியை மறுபடி திறந்தாள். கீழ்த்தட்டுத் துணிகளை அள்ளி உள்ளே போட்டாள். இந்த முறை மடிப்பு எதுவும் சரியாக இல்லை.

பொதுவேரூரை ஒரு குழு வடிவமைத்திருந்தது. ஊர் என்றால் என்னென்ன வேண்டும் என்று குழு ஆராய்ந்து, எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்திருந்தது. சிமெண்டு ஆலமரம் ஒன்று, ஏறிப் பார்க்கத் தடை. படித்துறையுள்ள குளம் ஒன்று, தண்ணீர் அடுத்த கட்டத்தில். எந்தச் சாமி என்பதில் குழுவுக்குள் ஒருமித்த கருத்து வராததால் தேர் மட்டும் செய்திருந்தார்கள். ஆடியில் ஒருமுறை காலித் தேரை இழுத்துவிட்டு வந்து நிறுத்துவார்களாம். விடியலுக்குச் சேவல் கூவ ஒலிபெருக்கி உண்டு. ஒப்பந்தக்காரர் நேரத்தை மாற்றி வைத்துவிட்டதால் அது மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கூவியது.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. சாமான் இறக்கும்போது எதிர்வீட்டம்மாள் வந்து நின்றாள். வல்லி பழக்கதோஷத்தில் நிமிர்ந்து நின்று, எந்த ஊர் என்ற கேள்விக்குத் தயாரானாள்.

"எத்தனாவது?" என்றாள் அந்தம்மாள்.

"என்னது?"

"இது எத்தனாவது ஊரு உங்களுக்கு?"

வல்லி விரல் விட்டு எண்ணினாள். "பன்னெண்டு."

"நமக்குப் பதினேழு. எங்கப்பா போலீசு" என்றாள் அந்தம்மாள், சற்றே மிதப்பாக. "கிரைண்டர் கல்ல அந்தப் பக்கமா இறக்காதீங்க, சாக்கு கிழிஞ்சிரும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் வல்லி. இருவரும் ஒருவர் சாக்கை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து மாசிலாமணி லுங்கியோடு எட்டிப் பார்த்தார். கையில் பால் செம்பு.

"நீங்க என்ன சார் இங்க?" என்றான் நாயகம்.

"என்னையும் அளந்து பாத்தேன். மணி அடிக்கல." அவர் செம்பைச் சுவர் மேல் வைத்தார். "வாடகை வீடுதான் எனக்கு எப்பவும். இங்க ஒரு வசதி, காலி பண்ணச் சொல்ல வீட்டுக்காரன் இல்ல."

சாயங்காலம் பால் காய்ச்சினார்கள். படுக்கும் முன் வல்லி இரண்டு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, கடுக்காய்ப் பொடியைக் கலக்கி, ஜன்னல் விளிம்பில் ஆற வைத்தாள். ஒன்று தனக்கு, ஒன்று நாயகத்துக்கு. குயிலி கதை கேட்டாள். தன் அப்பா எருமையின் மூன்றாவது வயிற்றைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வல்லி சொல்ல ஆரம்பித்தாள். மூன்று பேரும் அப்படியே தூங்கிப்போனார்கள்.

விடிந்தபோது டம்ளர்கள் இரண்டும் நிரம்பியபடியே இருந்தன. ஒன்றில் ஓர் எறும்பு மிதந்தது. வல்லி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் பார்க்க அவகாசம் இல்லை. எழுந்து ஓடினாள்.

கதவு தாழிட்டிருந்தது. வாசலில் குயிலி காலைப் பின்னிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து நெல்லைநாயகத்தின் குரல் கேட்டது; தாமிரபரணியைப் பற்றி ஏதோ ஒரு பாட்டை, அவசரமே இல்லாமல், முதலிலிருந்து பாடிக்கொண்டிருந்தான்.

"அப்பா, சீக்கிரம்!"

"எங்க ஊர்த் தண்ணி குடிச்சவனுக்கு…" என்று உள்ளேயிருந்து ஆரம்பித்தான்.

"வாயை மூடிக்கிட்டு வெளிய வாங்க!" என்று வல்லி கதவை இரண்டு கையாலும் தட்டினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மாள் ஜன்னலைத் திறந்தாள். வல்லி தலையைக் குனியவில்லை. தட்டுவதை நிறுத்தவும் இல்லை.

அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான்.